கிரிக்கெட் கையோடு பேஸ்போலுக்கு வருகிறவர்களுக்கு: உடம்பைத் தயார்செய்யும் முழு வழிகாட்டி

கொழும்பில் பேஸ்போல் பழக வருகிற பையன்கள் பெரும்பாலும் கிரிக்கெட்டில் இருந்து வருகிறார்கள். மிச்சப் பேர் எல்லே, அதாவது தடியால் பந்தை அடித்து ஓடுகிற நம்மூர் விளையாட்டு, ஆடியவர்கள். இரண்டுமே நல்ல அத்திவாரம்தான். உயரப் பந்தைப் பிடிக்கத் தெரியும், பந்துக்குப் பயம் இருக்காது, ஓட்டமும் கையில் இருக்கும். தோள் மட்டும் இந்த விளையாட்டுக்குப் புதுசு.

கிரிக்கெட்டில் ஒருவன் முழுப் பலத்தோடு பந்தை எறிவது ஒரு நாளில் எத்தனை தடவை? எல்லைக்கோட்டில் நிற்பவனுக்குப் பத்துப் பதினைந்து வந்தாலே அதிகம். பந்துவீச்சு வேறு கணக்கு. அதில் கை நீட்டியபடி வரும், ஓடி வந்த வேகமும் துணைக்கு இருக்கும். பேஸ்போலில் பந்தை எறிகிற பிட்சர் நின்ற இடத்தில் இருந்து, முழங்கையை மடக்கி, 18.44 மீட்டருக்கு அப்பால் துடுப்பாட்டக்காரனுக்குப் பின்னால் இருந்து பிடிக்கிற கேட்சரின் கையுறைக்குள் எண்பது, தொண்ணூறு தடவை எறிகிறான். அதுவும் ஒவ்வொன்றும் முழு வேகத்தில்.

"பேஸ்போல் பந்து இலேசுதானே அண்ணா" என்பார்கள். உண்மைதான். கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம், இது 142 முதல் 149 கிராம். ஆனால் பந்து இலேசாக இருப்பதால் கை இன்னும் வேகமாகச் சுழலும். நல்ல பிட்சர் ஒருவரின் தோள் உள்நோக்கித் திரும்பும் வேகம் விநாடிக்கு 7000 பாகை அளவுக்குப் போகிறது. பந்து கையை விட்டுப் போன பிறகு அந்த வேகத்தை யார் நிறுத்துவது? தோளுக்குப் பின்னால் இருக்கிற சின்னத் தசைகள்தான். கண்ணாடியில் தெரியாத தசைகள் என்பதால் ஜிம்மிலும் யாரும் அவற்றைக் கவனிப்பதில்லை.

எனக்கு இது 17 வயதில் தெரிந்தது. ஒரு போட்டித் தொடரில் சனிக்கிழமை பிட்ச் செய்தேன், அதே ஆட்டத்தில் பின்பாதி கேட்சராகவும் நின்றேன், ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் பிட்ச். எத்தனை எறிந்தேன் என்று எனக்கும் தெரியாது, பயிற்றுநருக்கும் தெரியாது. திங்கட்கிழமை காலையில் தலை சீவச் சீப்பைத் தூக்கினேன், கை காது வரைக்கும்கூட வரவில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் பிரேக்குக்கும், அதாவது கையை நிறுத்துகிற அந்தச் சின்னத் தசைகளுக்கும், எறிகிற எண்ணிக்கைக்கும்தான் அதிக இடம். வேகம் எப்படிக் கூட்டுவது என்பதை மட்டும் தேடி வந்திருந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

படி 1: ஒரு கொப்பி வாங்குங்கள்

எண்பது பக்கக் கொப்பி போதும். முதல் பக்கத்தில் மூன்று விஷயங்களைச் சோதித்து எழுதுங்கள்.

முதலாவது, ஒற்றைக் காலில் நின்று மெதுவாகக் கதிரை உயரத்துக்கு இறங்கி எழும்புங்கள். முழங்கால் உள்பக்கம் சரிகிறதா என்று ஒரு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள். சரிந்தால் இடுப்பு பலவீனம். எறியும்போது முன்கால் ஊன்றுகிற இடத்தில் அதே ஆட்டம்தான் வரும்.

இரண்டாவது, மல்லாந்து படுங்கள். மேல்கையைத் தோள் மட்டத்துக்குப் பக்கவாட்டில் வைத்து, முழங்கையை 90 பாகை மடக்கி விரல்கள் மேலே பார்க்கும்படி பிடியுங்கள். தோள்பட்டை தரையை விட்டு எழும்பாமல் கையை முன்பக்கம், கால் இருக்கிற திசைக்கு எவ்வளவு இறக்கலாம், பின்பக்கம் தலை இருக்கிற திசைக்கு எவ்வளவு சாய்க்கலாம் என்று இரண்டு கையிலும் பாருங்கள். எறிகிற கை பின்னால் கூடப் போகும், முன்னால் குறைய வரும். அது சாதாரணம். ஆனால் முன்னால் இறங்குவது மற்றக் கையைவிட 20 பாகை அளவுக்குக் குறைந்து, இரண்டு பக்கத்தையும் கூட்டினாலும் மொத்தம் குறைவாகவே இருந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். எறிவது பிறகு பார்க்கலாம்.

மூன்றாவது, 27.4 மீட்டர் ஓட்டம். ஓடித் தொட வேண்டிய ஒரு பேஸில் இருந்து அடுத்த பேஸுக்கு உள்ள தூரம் அதுதான். போனில் நேரம் பிடியுங்கள், மூன்று தடவை ஓடி நல்லதை எழுதுங்கள்.

படி 2: சூடேற்றல்

குனிந்து கால்விரலைத் தொட்டு முப்பது எண்ணுகிற பழைய பள்ளிக்கூட முறையை விட்டுவிடுங்கள். ஆட்டத்துக்கு முன் உடம்புக்கு வேண்டியது அசைவு. ஐந்து நிமிடம் மெல்லோட்டம். அப்புறம் நீளமாக அடியெடுத்து முழங்காலைத் தரைக்கு இறக்கி, முன்கால் பக்கம் மேலுடம்பைத் திருப்பி நடப்பது இருபது அடி. பக்கவாட்டு ஓட்டம், முழங்கால் உயர்த்தி ஓட்டம், கடைசியாக மூன்று குறுகிய வேக ஓட்டம். அதற்குப் பிறகுதான் தோளுக்கு ரப்பர் பட்டி, அதற்கும் பிறகுதான் பந்து.

சுருக்கமாகச் சொன்னால், உடம்பைச் சூடாக்கிவிட்டு எறியுங்கள். எறிந்து உடம்பைச் சூடாக்காதீர்கள்.

படி 3: காலும் இடுப்பும்

எறிதலின் வேகம் காலில் பிறந்து, இடுப்பில் திரும்பி, முதுகு வழியாகத்தான் கைக்கு வருகிறது. இடுப்பு முன்னே திரும்பிவிட்ட கணத்தில் தோள் இன்னும் பின்னால் நிற்க வேண்டும். ஈரச் சேலையை இரண்டு பேர் பிடித்துப் பிழிகிற மாதிரி. அந்த முறுக்கு அவிழும்போதுதான் பந்துக்கு வேகம். துடுப்பு வீசுவதும் இதே கதைதான்.

வாரத்தில் இரண்டு நாள் பளுப் பயிற்சி போதும். ஆட்டம் இல்லாத மாதங்களில் மூன்று நாள் செய்யலாம். நான் கொடுக்கிற அடிப்படைப் பட்டியல் இது:

- நெஞ்சோடு டம்பெல்லைப் பிடித்து ஸ்குவாட், 8 தடவை, 3 சுற்று
- முழங்காலைக் கொஞ்சம் மட்டும் மடக்கி, இடுப்பைப் பின்தள்ளி இறங்குகிற டெட்லிஃப்ட், 8 தடவை, 3 சுற்று
- பின்காலைக் கதிரையில் வைத்து ஒற்றைக்கால் ஸ்குவாட், ஒவ்வொரு காலுக்கும் 6 தடவை, 3 சுற்று
- ஒரு கையால் டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுப்பது, 10 தடவை, 3 சுற்று
- தண்டால், மேலே வந்தபின் தோள்பட்டைகளை இன்னும் கொஞ்சம் தள்ளி முதுகை உருண்டையாக்கி முடிப்பது, 10 தடவை, 3 சுற்று

பளுவை எப்போது கூட்டுவது? எல்லாச் சுற்றிலும் கடைசி இரண்டு தடவையும் உருக்குலையாமல் வந்தால் அடுத்த வாரம் 2 அல்லது 2.5 கிலோ. அதற்கு மேல் வேண்டாம். 14 வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் சொந்த உடம்பின் எடையே போதும். தலைக்கு மேல் பாரமான பார்பெல் தூக்குவதைப் பிட்சர்களுக்கு நான் கொடுப்பதில்லை. பெஞ்ச் பிரஸ்ஸில் யார் கூடத் தூக்குவது என்கிற போட்டியையும் தவிருங்கள். நெஞ்சு மட்டும் இறுகி, தோள் முன்னால் வந்துவிட்டால் கை பின்னால் போக வழி இருக்காது.

திருப்பும் பலத்துக்கு மெடிசின் பந்து வேண்டும். வாங்க முடியாதவர்கள் காற்றுப் போன பழைய பாஸ்கட்போல் ஒன்றில் சின்ன வெட்டுப் போட்டு, மணல் நிரப்பி, சைக்கிள் டியூப் துண்டு ஒட்டி அடைத்துக்கொள்ளலாம். ஒரு விஷயம் கவனம். முழுதாக நிரப்பினால் 10 கிலோவுக்கு மேல் போய்விடும். 2 அல்லது 3 கிலோதான் வேண்டும், ஆகவே அடியில் கொஞ்சம் மணல், மேலே பழைய துணி. சுவரைப் பக்கவாட்டில் பார்த்து நின்று, பின்காலில் இருந்து திரும்பி, பந்தைச் சுவரில் ஓங்கி எறியுங்கள். ஒரு பக்கத்துக்கு 6, மூன்று சுற்று, இரண்டு பக்கமும். வெள்ளவத்தை மாதிரி சுவரும் சுவரும் ஒட்டின இடத்தில் இருந்தால் பக்கத்து வீட்டு அன்ரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாமல் ஒருநாள் மாட்டுப்பட்டேன்.

படி 4: பிரேக்

இது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நிமிடம். ஜிம் வேண்டாம், காசும் பெரிதாக வேண்டாம். ரப்பர் பட்டி ஒன்று போதும், அது இல்லாவிட்டால் சைக்கிள் டியூப்பை நீளமாக வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டுங்கள்.

விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரு சின்னத் துவாய் சுருட்டி வையுங்கள். முழங்கை 90 பாகையில் மடங்கியிருக்க, பட்டியை வெளிப்பக்கம் இழுங்கள். ஒரு விநாடியில் இழுத்து, மூன்று விநாடியில் திரும்ப விடுங்கள். அந்தத் திரும்ப விடுவதுதான் முக்கியம். பந்து போன பிறகு தோள் செய்கிற வேலை அதே வேலைதான். துவாய் கீழே விழுந்தால் செய்கிற முறை பிழை. 15 தடவை, இரண்டு சுற்று.

அடுத்தது, கட்டிலின் ஓரத்தில் குப்புறப் படுத்துக் கையைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் தூக்குவது, பிறகு தலைப் பக்கம் சாய்வாக ஆங்கில Y எழுத்து மாதிரி விரித்துத் தூக்குவது. கட்டைவிரல் மேலே பார்க்கட்டும். பாரம் வெறுங்கை, பிறகு அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தல். ஒரு மாதத்துக்குள் 2 கிலோவுக்குத் தாவுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். உடனே கழுத்துத் தசை அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்ளும், தோளுக்கு ஒன்றும் போய்ச்சேராது.

முன்கைக்கு அரிசி வாளி. பெரிய வாளியில் முக்கால் பங்கு அரிசி, அதற்குள் மணிக்கட்டு மறையக் கையை விட்டு, விரித்து மடக்குவது அரை நிமிடம், வலமும் இடமும் திருப்புவது அரை நிமிடம், கிள்ளிப் பிடித்து விடுவது அரை நிமிடம். முதல் நாளே முன்கை எரியும். முழங்கையின் உள்பக்கத் தசைநாருக்கு இந்த முன்கைத் தசைகள்தான் துணை. சோற்று அரிசியை எடுக்காதீர்கள். வண்டு பிடித்த பழைய அரிசியைக் கடையில் மலிவாகக் கேட்டு வாங்கலாம். கை வைத்த அரிசி என்று அம்மா கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

படி 1 இல் கை முன்னால் இறங்கவில்லை என்றால்: எறிகிற கைப் பக்கம் சரிந்து படுத்து, மேல்கை தோளுக்கு நேரே, முழங்கை 90 பாகை. மற்றக் கையால் மணிக்கட்டைத் தரைப் பக்கம் மெதுவாக அழுத்துங்கள். அரை நிமிடம், மூன்று தடவை, எறிந்து முடித்த பிறகு. தோளின் பின்பக்கம் இழுபட வேண்டும். முன்பக்கம் குத்தினால் உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள், அப்படியும் குத்தினால் விட்டுவிடுங்கள்.

படி 5: எறிதல், எண்ணிக்கையோடு

இரண்டு மாதம் எறியாமல் இருந்துவிட்டு முதல் நாளே பிட்ச் செய்யக் கூடாது. வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு, தூரத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். முதலில் 14 மீட்டரில் 25 எறிதல், பத்து நிமிட ஓய்வு, இன்னொரு 25. அது வலியில்லாமல் போனால் அடுத்த தடவை மூன்று தொகுதி. அதுவும் சரி என்றால் 18 மீட்டருக்குப் போய் இதே முறை. பிறகு 27, 36, 45, 55 மீட்டர். தூரம் கூடக் கூட ஒரு சின்னத் துள்ளலோடு காலையும் சேர்த்து எறியுங்கள். ஒரு தூரத்துக்கு இரண்டு நாள் என்று வைத்தால் ஒரு மாதம் ஆகும். அந்த மாதத்தைக் குறுக்கினவர்களில் சிலர் பிறகு ஆறு மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பிட்ச் செய்யத் தொடங்கிய பிறகு எண்ணிக்கை. அமெரிக்காவில் மேஜர் லீக் பேஸ்போலும் யுஎஸ்ஏ பேஸ்போலும் சேர்ந்து 2014 இல் பிட்ச் ஸ்மார்ட் என்ற விதிமுறையை வெளியிட்டன. நான் பின்பற்றுவது அதைத்தான். ஒரு நாளில் அதிகபட்சம்: 11, 12 வயதுக்கு 85 பிட்ச், 13 முதல் 16 வரை 95, 17, 18 வயதுக்கு 105. இந்த எண்ணைவிட ஓய்வு நாள் கணக்கு முக்கியம். 15, 16 வயதில் 30 பிட்ச் வரை என்றால் மறுநாளும் எறியலாம். 31 முதல் 45 என்றால் ஒரு நாள் ஓய்வு, 46 முதல் 60 என்றால் இரண்டு நாள், 61 முதல் 75 என்றால் மூன்று நாள், 76 ஐத் தாண்டினால் நான்கு நாள். 14 வயதும் அதற்குக் கீழும் இன்னும் இறுக்கம்: 20 ஐத் தாண்டினாலே ஒரு நாள், 66 ஐத் தொட்டால் நான்கு நாள். ஒரே ஆட்டத்தில் பிட்சராகவும் கேட்சராகவும் நிற்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. என் சனிக்கிழமை அப்படித்தான் போனது.

வருடத்தில் நான்கு மாதம் எறியாமல் இருக்க வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதமாவது தொடர்ச்சியாக. இங்கே சிக்கல் என்னவென்றால், பேஸ்போல் முடிந்ததும் பையன் கிரிக்கெட்டுக்குப் போய்விடுகிறான். அங்கே எல்லைக்கோட்டில் இருந்து எறிவதும் எறிதல்தான், தோளுக்கு விளையாட்டின் பெயர் தெரியாது. இரண்டும் ஆடுகிறவர்கள் இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதுங்கள்.

வலியைப் பிரித்தறியப் பழகுங்கள். மறுநாள் தோளின் பின்பக்கத் தசையில் கனம், பிடிப்பு: சரி, இரண்டு நாளில் போகும். முழங்கையின் உள்பக்க எலும்பில் குத்து, சுண்டுவிரல் பக்கம் விறுவிறுப்பு, தோளுக்குள் ஆழமாக வலி: அன்றே நிறுத்துங்கள். பாம் பூசிக்கொண்டு இன்னொரு இன்னிங்ஸ் என்பது வேண்டாம். வளர்கிற வயதில் முழங்கையின் உள்பக்கத்தில் எலும்பு வளர்கிற இடமான வளர்ச்சித் தட்டு தசைநாரைவிடப் பலவீனமானது, முதலில் அடிபடுவது அதுதான். பெரியவர்களுக்குத் தசைநாரே கிழிகிறது. 1974 இல் டொக்டர் ஃபிராங்க் ஜோப் பிட்சர் டொமி ஜோனுக்கு முதன்முதலாகச் செய்த சத்திரசிகிச்சை அதற்குத்தான், டொமி ஜோனின் பெயரிலேயே இன்றைக்கும் அழைக்கப்படுகிறது. செய்துகொண்டவர் திரும்பப் பிட்ச் செய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

படி 6: ஓட்டம்

காலிமுகத்திடலில் மாலையில் ஐந்து கிலோமீட்டர் மெல்லோட்டம் ஓடுவது மனசுக்கு நல்லது. பேஸ்போலுக்கு அது பெரிதாக உதவாது. இந்த விளையாட்டில் நின்ற இடத்தில் இருந்து நாலு விநாடி பறந்துவிட்டு மறுபடி நிற்க வேண்டும். பேஸ் திருடுவதை, அதாவது பந்தை யாரும் அடிக்காமலே, பிட்சர் எறிகிற நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பிட்சர் அசையத் தொடங்கிப் பந்து கேட்சரிடம் போகச் சுமார் 1.3 விநாடி, கேட்சர் பிடித்து 38.8 மீட்டர் தள்ளியிருக்கிற இரண்டாம் பேஸுக்கு அனுப்ப இன்னும் 2 விநாடி. உங்களுக்குக் கிடைப்பது 3.3 விநாடிதான். அதில் பாதித் தீர்ப்பு முதல் மூன்று அடியில் முடிந்துவிடும்.

ஆகவே 10 மீட்டர் வேக ஓட்டம் 6, பக்கவாட்டில் நின்று திரும்பிப் புறப்படுவது 6, முழு 27.4 மீட்டர் 4. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு முழுதாகத் திரும்பும் வரை நில்லுங்கள். மூச்சிரைக்க ஓடினால் வேகம் பழகாது, களைப்புத்தான் பழகும். வெள்ளவத்தைக் கடற்கரை மணலில் ஓடலாமா என்று கேட்பார்கள். வாரத்தில் ஒரு நாள், ஈர மணலில், சப்பாத்தோடு. உலர்ந்த மணல் குதிகால் தசைநாரைப் பிடிக்கும். ரயில் பாதையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பாருங்கள், இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

படி 7: வெயில், தண்ணீர், சாப்பாடு

கொழும்பில் வெப்பநிலையைவிட ஈரப்பதம்தான் ஆளை விழுத்தும். வியர்வை காயாது, உடம்பு குளிராது. புதிதாக வருகிறவர்களுக்கு உடம்பு பழக இரண்டு வாரம் கொடுங்கள், அதுவரை பயிற்சி காலை எட்டரைக்கு முன் அல்லது மாலை நாலரைக்குப் பின். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணித்தியாலத்தில் ஒன்றரை லீட்டர் குடிக்க வேண்டும். செவ்விளநீர் நல்லது, ஆனால் அதில் சோடியம் குறைவு, கூடவே உப்புப் போட்ட ஏதாவது சாப்பிடுங்கள். நாள் முழுக்க நீளும் ஆட்டத்துக்கு, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சர்க்கரைத் தூளான ஜீவனிப் பக்கற் ஒன்றைப் பையில் வையுங்கள், பக்கற்றில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரிலேயே கரையுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரத்து இடிமழைக்குக் காத்திருக்காமல், முதல் இடி கேட்டதும் திறந்த மைதானத்தை விட்டு வெளியேறுங்கள்.

புரதம் ஒரு கிலோ உடல் எடைக்கு 1.4 முதல் 2 கிராம். 60 கிலோ ஆளுக்கு 84 முதல் 120. ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதால் வெறும் பாணும் சம்பலும் சாப்பிட்டுக் கணக்கு வராது. காலையில் இரண்டு முட்டை, பகல் சோற்றோடு கெட்டியான பருப்பும் மீனும், பின்னேரம் அவித்த கடலை, இரவு கோழி அல்லது நெத்தலி. பவுடர் டின்னுக்குக் காசு செலவழிக்க முதல் இதைச் செய்து பாருங்கள். தூக்கம் எட்டு மணித்தியாலம்.

படி 8: ஒரு வாரம், அப்புறம் ஆட்ட நாள்

ஆட்டம் ஞாயிறு என்று வையுங்கள். திங்கள்: நடை, இடுப்பு அசைவுகள், எறிதல் இல்லை. செவ்வாய்: பளு, பிரேக் பயிற்சி. புதன்: ஓட்டம், துடுப்பு வீச்சு. பிட்சராக இல்லாதவர்கள் எறியலாம். வியாழன்: பளு, கொஞ்சம் இலேசாக. பிட்சருக்கு ஓய்வு முடிந்திருந்தால் 25 மெதுவான பிட்ச். வெள்ளி: மெடிசின் பந்து, குறுகிய ஓட்டம். சனி: ஒன்றும் இல்லை, தூங்குங்கள். மழை வந்தால் ஓட்டத்தைப் படி 4 ஆக மாற்றிவிடலாம், பளுவை அடுத்த நாளைக்குத் தள்ளலாம். வாரத்தின் எறிதல் எண்ணிக்கை மட்டும் மாறக் கூடாது.

ஆட்டம் பெரும்பாலும் ஹோமாகமப் பக்கம் இருக்கிற தியகமவில், ஜப்பான் உதவியோடு கட்டிய மைதானத்தில்தான் நடக்கும். கொழும்புக் கோட்டையில் இருந்து 138 பஸ்ஸில் ஹோமாகம வரை போவதற்குள் இடுப்பு கதிரை மாதிரி மடங்கிப் போயிருக்கும். இறங்கியதும் பத்து நிமிடம் நடங்கள், அதற்குப் பிறகு படி 2. பிட்சர் ஆட்டத்துக்கு அரை மணித்தியாலம் முன் எறியத் தொடங்கி, முதல் பிட்சுக்கு ஐந்து நிமிடம் முன் முடிக்கட்டும். எண்ணுகிற வேலையை ஆட்டத்தில் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள், தம்பியோ தங்கச்சியோ வந்திருந்தால் இன்னும் நல்லது, அவர்கள் பொய்க் கணக்குச் சொல்ல மாட்டார்கள். முடிந்ததும் எண்ணைக் கொப்பியில் எழுதிவிட்டு பஸ் ஏறுங்கள். ஹோமாகமவில் சீட் கிடைத்து உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும், வீட்டுக்கு வந்து எழுதுகிற எண் எப்போதும் பத்துப் பதினைந்து குறைவாகத்தான் இருக்கும்.